துள்ளாத மானின் படம்

அக்டோபர் முதல் வாரம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் மான்கள் தரையில் நிற்பதில்லை. வன உயிரின வாரச் சுவரொட்டியிலும், பள்ளி ஓவியப் போட்டியின் அழைப்பிதழிலும், நாளிதழ் இணைப்பின் நடுப்பக்கத்திலும் நான்கு கால்களையும் மடக்கிக்கொண்டு, முறுக்குக் கொம்பு முதுகில் சாய, ஒரு வெளிமான் அந்தரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அடியில் ‘துள்ளித் திரியும் அழகு’ என்ற பாணியில் ஒரு வரி. பார்ப்பவருக்கு மனம் நிறைந்துவிடும். அந்த நொடியில் மானுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இருக்காது. வெளிமான் கூட்டம் எதையாவது கண்டு மிரளும்போது முதலில் ஒன்றிரண்டு மான்கள் தரையை உதைத்து உயர எம்பும். அதைப் பார்த்து மற்றவையும் எம்பும். இப்படிச் சில குதிகள் குதித்த பிறகுதான் கூட்டம் கால்நீட்டி ஓடத் தொடங்கும். குட்டிகள் விளையாட்டுக்குத் துள்ளுவதும், எல்லை தாண்டி வந்த இளைய ஆணைப் பெரிய ஆண் துரத்துவதும் உண்டுதான். ஆனால் ஒரு கூட்டமே ஒரே திசையில், கேமராவைவிட்டு விலகி எம்புகிறது என்றால் அதற்கு எதிர்த்திசையில் மிரள வைத்தது ஏதோ இருக்கிறது. பல நேரங்களில் அந்த ஏதோ, கேமராவைப் பிடித்திருக்கும் மனிதர்தான்.

இத்தகைய படங்களுக்குப் பரிசு கொடுப்பதையும் முதல் பக்கத்தில் இடம் கொடுப்பதையும் தமிழ் இதழ்களும் போட்டி நடத்தும் அமைப்புகளும் நிறுத்திக்கொள்ள வேண்டும். மேய்கிற மானின் படம் சப்பென்று இருக்கும் என்பார்கள். இருக்கட்டும்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் கேமரா வாடகைக்கு விடும் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. சினிமாவுக்காக முளைத்த தொழில் அது. இன்று வார இறுதியில் ‘வைல்ட்லைஃப்’ எடுக்கக் கிளம்பும் ஐ.டி. ஊழியர்களும் அங்கேயே 600 மி.மீ. லென்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விலைக்கு வாங்கினால் ஒரு காரின் விலை ஆகும் பொருளை ஒருநாள் வாடகைக்கு எடுத்து வருபவருக்கு ஒரு நெருக்கடி உண்டு. சாயங்காலத்துக்குள் ‘ஷாட்’ கிடைத்தாக வேண்டும். மானுக்கோ அப்படி எந்த அவசரமும் இல்லை. காலையில் மேய்ந்துவிட்டு வெயில் ஏறியதும் நிழலில் படுத்து அசைபோடும். நாலு மணி நேரம் அசைபோடும் மானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாராவது எழுந்து நாலு அடி முன்னால் நடப்பார்கள். கை தட்டுவதும் உண்டு. அதே வடபழனியில், முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டு வெளியே வரும் ஜோடியைப் புகைப்படக்காரர் “சார், மேடம், ரெண்டு பேரும் ஒரு ஜம்ப் பண்ணுங்க” என்று கேட்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே குதிப்பார்கள், பிடிக்காவிட்டால் மறுப்பார்கள். அந்தக் கோயிலில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்கும் வள்ளி, புராணப்படி மானின் வயிற்றில் பிறந்தவள். மானைக் குதிக்கச் சொல்லும்போது மட்டும் சம்மதம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வடபழனியில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் வண்டி மாறினால் அடுத்தது கிண்டி. இவ்வளவு பக்கத்தில், ஒரு மாநகரத்தின் நடுவே, வெளிமான் கூண்டுக்கு வெளியே தானாக மேய்ந்து, தானாகக் குட்டி ஈன்று வாழ்கிறது. உலகத்தில் எத்தனை பெருநகரங்கள் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

கிண்டிக் காட்டின் கதை ஒரு தோட்ட வீட்டின் கதை. கில்பர்ட் ராடரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821இல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கிய இடம். பின்னாளில் ஆளுநர்களின் ஓய்வில்லமாகவும், அதன்பின் ராஜ்பவனாகவும் ஆயிற்று. 1910இல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. காந்தி மண்டபம் ஒரு பக்கம், நினைவிடங்கள் ஒரு பக்கம், 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு 250 ஹெக்டேர் அளவில் பெரிய பங்கு. மிச்சம் இருந்தது 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுற்றிலும் மதில், மதிலுக்கு அப்பால் சர்தார் படேல் சாலை, வேளச்சேரி சாலை.

வெளிமான் என்ற பெயரே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. அதற்கு வெளி வேண்டும். திறந்த புல்வெளியில் நின்று, தொலைவில் அசைவதைக் கண்ணால் கண்டு, கால்களை நம்பி ஓடித் தப்பும் பிராணி. மோப்பத்தையும் காதையும்விடக் கண்ணைத்தான் அது அதிகம் நம்புகிறது. கிண்டியில் மரமும் புதரும் நெருக்கிக்கொண்டே வர, அதற்கென்று மிஞ்சியவை போலோ மைதானம் என்று இன்றும் அழைக்கப்படும் வெட்டவெளியும் அதைப்போன்ற சில திட்டுகளும்தான். டி.ஆர். ஷங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், ஆர். சுகுமார் மூவரும் கிண்டியின் புள்ளிமான்களையும் வெளிமான்களையும் ஆராய்ந்து 1996இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். புள்ளிமானுக்கு மரநிழலும் ஒத்துப்போகும், மனிதர்களும் ஒத்துப்போவார்கள். ஐ.ஐ.டி. விடுதி வாசலில் மாணவர்களோடு மாணவராக நிற்கும். வெளிமான் அப்படி இல்லை.

போகிற போக்கில் ஒன்று. நாம் மான் என்ற ஒரே சொல்லில் இரண்டு குடும்பங்களை அடைத்துவிட்டோம். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், விழும், மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைவிடாது, விழவும் விழாது. எலும்பின்மேல் உறைபோட்டது போல் ஆயுள் முழுக்க வளரும். அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் உறவு. பழந்தமிழ்ப் புலவர்கள் இதைத் தனியாகப் பார்த்து ‘இரலை’ என்று பெயரிட்டு முல்லை நிலத்தில் வைத்தார்கள். கார்காலத்தில் வீடு திரும்பும் தலைவன், துணையோடு திரியும் இரலையை வழியில் பார்க்கிறான். பார்த்துவிட்டுத் தன் தேரை விரைவுபடுத்துகிறான், மானை விரட்டப் போவதில்லை. புல்வாய், திருகுமான் என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. இத்தனை பெயர் வைத்த மொழியில் பத்திரிகைப் படத்துக்கு அடியில் வெறும் ‘மான்’ என்று போடுவது கொஞ்சம் சோம்பல்தான்.

கிண்டி வெளிமானுக்கும் குஜராத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. வெள்ளை நிற வெளிமான்கள் சிலவற்றைக் கிண்டிக்குக் கொண்டுவந்து விட்டவர் அவர். அவருடைய சமஸ்தானத்தில் வேளாவதர் என்றொரு புல்வெளி இருந்தது. பழக்கிய சிவிங்கிப்புலிகளை ஏவி வெளிமானைத் துரத்தும் விளையாட்டுக்குப் பாவ்நகர் அரச குடும்பம் வைத்திருந்த இடம். முகலாயர் காலத்திலிருந்து வந்த பொழுதுபோக்கு அது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் மானையும் அதைவிட வேகமான சிவிங்கிப்புலியையும் ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். 1952இல் இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. வேளாவதர் 1976இல் வெளிமான் தேசியப் பூங்கா ஆயிற்று. இன்று அங்கே வேட்டைக்காரருக்குப் பதிலாகக் கேமராக்காரர்கள் ஜீப்பில் போகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஜீப்பைக் கூட்டத்துக்கு இணையாக ஓட்டச் சொல்லி ‘பேனிங் ஷாட்’ எடுக்கும் ஆளைப் பார்த்தால் அந்தப் பழைய விளையாட்டு முழுக்க ஒழிந்துவிட்டதாகச் சொல்ல மனம் வராது.

சட்டமும் இதே சந்தேகத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாக இருக்கிறது. அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கு இருக்கும் விளக்கத்தைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டை இல்லை. துரத்துவதும், விரட்டுவதும், தீனி காட்டி வரவழைப்பதும், அவற்றுக்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். துப்பாக்கியா கேமராவா என்று அந்த வரையறை பேதம் பார்க்கவில்லை. சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தரும் 28ஆம் பிரிவும் 2022இல் திருத்தப்பட்டது. வாழிடத்தை மாற்றாமலும், வாழிடத்துக்கோ வன உயிருக்கோ கேடு வராமலும் எடுக்கும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்குமே இப்போது இடம். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். படம் எடுப்பது உரிமை என்று நினைத்துக்கொண்டு கிண்டி அலுவலகத்தில் வாக்குவாதம் செய்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

இதில் வடபழனியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஏவி.எம்., விஜயா வாகினி என்று ஸ்டூடியோக்கள் கோலோச்சிய நாளில் யானை, பாம்பு, சிறுத்தை எல்லாம் சர்வ சாதாரணமாக செட்டுக்கு வந்து போகும். சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் விலங்குகள் கதாநாயகனோடு போட்டி போட்டன. படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு 2001இல் விதிகள் வந்த பிறகு நிலைமை தலைகீழ் ஆயிற்று. ஒரு புறா பறந்தாலும் விலங்கு நல வாரியத்தின் சான்று வேண்டும். வாரியத்தின் தலைமையகம் 2018இல் ஹரியானாவுக்குப் போகும்வரை திருவான்மியூரில் இருந்ததால், கோடம்பாக்கத்துத் தயாரிப்பு நிர்வாகிகள் அந்த வாசலில் பழியாய்க் கிடந்தார்கள். முணுமுணுத்தார்கள், திட்டினார்கள், கடைசியில் பழகிக்கொண்டார்கள். சினிமாவில் ஒரு பூனை குறுக்கே போவதற்குக் கணக்குக் கேட்கும் ஊரில், நிஜக் காட்டில் நிஜ மான் மிரண்டு ஓடும் படத்துக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்டால் அது ‘நேச்சுரல்’ என்பார்கள்.

மான் மிரண்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். ஒருமுறை மிரண்டால் ஒன்றும் ஆகாதுதான். கணக்கு எங்கே கூடுகிறது என்றால், கிண்டி மாதிரியான இடத்தில் அது எங்கே ஓடும் என்பதில். வேளாவதரின் 34 சதுர கிலோமீட்டரிலோ கோடியக்கரையின் 17 சதுர கிலோமீட்டரிலோ ஓடி ஒதுங்க இடம் உண்டு. கிண்டியில் வெட்டவெளியைவிட்டு ஓடினால் புதர், புதரைத் தாண்டினால் மதில். பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் நாய்கள் மான்களைத் தாக்கும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம். மிரண்டு, கூட்டம் கலைந்து, தனியே பிரியும் மானுக்கு நாயைவிட ஆபத்தான பகை அங்கே வேறில்லை.

குட்டி விஷயம் இன்னும் மோசம். பெண் வெளிமான் ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடும். போட்டுவிட்டுப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு விலகிப்போய் மேயும். குட்டி அசையாமல் கிடக்கும், தாய் இடையிடையே வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். தாய் பக்கத்தில் நிற்காததுதான் குட்டிக்குப் பாதுகாப்பு. இது தெரியாத ஒருவர் ‘அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு’ என்று இரக்கப்பட்டு அருகில் போய் முட்டி போட்டு அகலக்கோண லென்ஸில் நெருக்கமாக எடுப்பார். படம் பிரமாதமாக வரும், நனைந்த கண்ணும் நீண்ட காதுமாக. அவர் அங்கே இருக்கும் நேரம் முழுக்கத் தாய் தூரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், கிட்டே வராது. குட்டியின் பால் வேளை அவருடைய மெமரி கார்டில் கழிகிறது.

ஆண் மானுக்கு வேறு தொல்லை. எல்லோருக்கும் கறுத்த ஆண்தான் வேண்டும். பெண்மானும் இளம் ஆணும் வெறும் பழுப்பு, அவற்றை யாரும் சீந்துவதில்லை. தெற்கத்திய வெளிமான்களில் வடக்கே காண்பதுபோல் மையிட்ட கறுப்பு அபூர்வம், ஆழ்ந்த பழுப்புத்தான் அதிகம். அதனால் கொஞ்சம் கறுத்த ஆண் ஒன்று தென்பட்டால் எல்லா லென்ஸும் அதன்மேல்தான். அது தன் எல்லையில் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து, அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் தலையை உயர்த்தி நின்று பெண்களை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் தன் இடத்தை அது விட்டுக்கொடுத்தால் அடுத்த ஆண் உள்ளே வந்துவிடும். அரை மணி நேரம் அதை இடம்பெயர வைப்பது அதன் வருஷத்து உழைப்பில் கை வைப்பது.

இந்த இடத்தில் மயிலாப்பூர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பி, இன்று ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்லப்படும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். அவற்றைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்துத் தந்தார்.

கிருஷ்ணனின் கேமரா தனி ரகம். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது. கனமான அந்தக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கிண்டலாகப் பெயரும் வைத்துக்கொண்டார். நொடிக்கு இருபது படம் தட்டும் வசதி கனவிலும் கிடையாது. வண்ணப் படச்சுருள் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. நடந்தும் யானைமேல் ஏறியும் காட்டுக்குள் போனார். அவருடைய படங்களைப் புரட்டினால் துள்ளலும் பாய்ச்சலும் தேட வேண்டியிருக்கும். யானைகள் தண்ணீர் குடிக்கும், காட்டெருது நின்றுகொண்டிருக்கும், மான் புல்லுக்கு மேல் தலையை நீட்டும். சுற்றியிருக்கும் செடியும் பாறையும் தெளிவாகத் தெரியும். பின்னணியை மங்கலாக்கி விலங்கை மட்டும் மின்ன வைப்பது அவர் வழி இல்லை. விலங்கு எந்த இடத்தில், என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்குப் படம் சாட்சி சொல்ல வேண்டும். அரசு 1960இல் பத்மஸ்ரீ கொடுத்தது. இன்றைய சமூக ஊடகத்தில் அவர் படம் ஒன்றைப் போட்டால் முப்பது ‘லைக்’ விழுமா என்பது சந்தேகம்.

கூச்சம் என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். வெளிமான் கூச்ச சுபாவம் உள்ளது, அதனால் கிட்டே போக முடியாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஜோத்பூர் பக்கத்து பிஷ்னோய் கிராமங்களில் அதே வெளிமான் வயலில், வீட்டுக்கொல்லையில், மனிதர்கள் நடந்துபோகும் தூரத்திலேயே மேய்கிறது. 1730இல் கேஜர்லியில் மரங்களைக் காக்க 363 பேர் உயிர்விட்டதாகப் பெருமை கொள்ளும் சமூகம் அது. 1998இல் காங்கானி கிராமத்தில் வெளிமான்கள் சுடப்பட்டபோது ஒரு பிரபல இந்தி நடிகரை இருபது ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு இழுத்தவர்களும் அவர்கள்தான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், வெளிமான் வந்தால் மழை வரும் என்று நம்பும் விவசாயிகள் பயிரில் அது வாய் வைத்தாலும் விரட்டுவதில்லை. அங்கேயும் மான் அஞ்சி ஓடுவது குறைவு. ஆக, மான் எவ்வளவு தூரத்தில் ஓடத் தொடங்குகிறது என்பதை வைத்து அந்த ஊர் மனிதர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று சொல்லிவிடலாம். தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில், 1987இல் வெளிமானுக்கென்றே அமைந்த 16 சதுர கிலோமீட்டர் குன்றும் புதருமான சரணாலயத்தில், மனிதத் தலை தெரிந்ததுமே கூட்டம் கம்பி நீட்டிவிடும்.

எல்லா இரலைக்கும் இதைப் பொருத்த முடியாது. முதுமலையில் இருக்கும் நாற்கொம்பு மான் பிறவியிலேயே தனிமை விரும்பி, புதர்க்காட்டில் ஒற்றையாகத் திரியும். வியட்நாம், லாவோஸ் எல்லை மலைகளில் வாழும் சவோலா என்ற விலங்கை உலக அறிவியல் 1992இல்தான் அறிந்தது. 2013இல் வியட்நாமில் ஒரு தானியங்கி கேமராவில் அது பதிந்ததே உலகச் செய்தி ஆயிற்று. மனிதன் அங்கே நிற்கவே இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் சிறப்பு. நூறு ஆண்டுகளுக்கு முன் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி தடுக்கினால் படம் பிடிக்கும்படி கம்பி கட்டி வைத்த வித்தையின் பேரப்பிள்ளைதான் இந்தக் கருவி.

போட்டிகள் மனம் வைத்தால் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய், பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 தொடக்கத்தில் பரிசைப் பறித்தார்கள். அங்கேயும் குதிதான் வினையானது, கவனிக்க. அதே போட்டியில் 2017இல் வென்ற எறும்புத்தின்னி, பாடம் செய்யப்பட்ட பொம்மை என்று தெரியவந்து அடுத்த ஆண்டு நீக்கப்பட்டது. நம் நாட்டில் கூட்டில் இருக்கும் பறவையின் படத்தைப் பல போட்டிகளும் குழுக்களும் இப்போது ஏற்பதில்லை. ஒருகாலத்தில் கூட்டை மறைக்கும் கிளையை வெட்டிவிட்டுக் குஞ்சுக்கு இரை ஊட்டும் காட்சியை எடுப்பதே பெரிய சாதனையாக இருந்தது. படம் எடுப்பவர்களே கூடிப் பேசி அதைக் கௌரவக் குறைவாக மாற்றினார்கள்.

இரலைக்கும் அப்படி ஒரு வழக்கம் வேண்டும். நடைமுறையில் அது சிரமமும் இல்லை. இன்றைய கேமரா ஒரு நொடியில் இருபது படம் எடுக்கிறது. துள்ளும் படத்தை அனுப்புபவரிடம் அதற்கு முந்தைய இருபது படங்களையும் கேட்டு வாங்கலாம். அதில் கதை முழுவதும் இருக்கும். குனிந்து மேயும் தலைகள், பிறகு ஒரு தலை நிமிரும், காதுகள் முன்னால் திரும்பும், பிறகு எல்லாத் தலைகளும் நேராக லென்ஸைப் பார்க்கும், அதன்பின் குதி. லென்ஸைப் பார்த்த பின் குதித்தது என்றால் காரணம் வேறு எங்கும் இல்லை. நரியோ இன்னொரு ஆணோ காரணம் என்றால் அதுவும் தெரிந்துவிடும், அந்தப் படத்தைத் தாராளமாகப் போடலாம். படக்குறிப்பிலும் மூன்று விவரம் சேர்க்கலாம்: எவ்வளவு தூரம், நடந்தா வண்டியிலா மறைவிடத்திலா, படம் எடுத்த பிறகு மான் என்ன செய்தது. பத்திரிகை ஆசிரியர் குழுவுக்கு இது ஒரு தொலைபேசி அழைப்பு நேரம்.

படங்கள்தான் மக்களுக்குக் காட்டின்மேல் பிரியத்தை வளர்க்கின்றன, கெடுபிடி கூடாது என்பது நியாயமான வாதம். கிண்டிக் காட்டைப் பற்றிச் சென்னைவாசிகளில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தைகள் பூங்காவும் பாம்புப் பண்ணையும்தான். உள்ளே வெளிமான் இருப்பதை ஒரு படம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பயந்தோடும் மானைப் பார்த்து வளரும் பிரியம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பத்துப் பேரை அதே படத்துக்காக அனுப்பிவைக்கிறது. இடத்தின் குறியீட்டோடு சமூக ஊடகத்தில் போட்டுவிட்டால் பத்து ஐம்பதாகும்.

உண்மையில் பொறுமை உள்ளவருக்கு வெளிமான் கஷ்டமான மாடலே இல்லை. விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். நிற்பதைவிட உட்கார்வது, உட்கார்வதைவிடப் படுப்பது நல்லது. வெளிமான் கண்ணுக்கு நிமிர்ந்த மனித உருவம்தான் பகை. நகர வேண்டும் என்றால் மானை நோக்கி நேராகப் போகாமல், வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாக, நின்று நின்று போக வேண்டும். ஒரு தலை நிமிர்ந்தால் அப்படியே உறைந்துவிட வேண்டும். அது மறுபடி குனியும்வரை ஷட்டரைக்கூடத் தொடக் கூடாது. பெண்மான் காலால் தரையைத் தட்டினால், சீறினால், அன்றைய நாள் முடிந்தது என்று வைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று காலைகள் கழிந்தால் கூட்டம் அந்த ஆளை ஒரு புதராக எண்ணத் தொடங்கும். அதற்குப் பிறகு கிடைக்கும் காட்சிகளைத் துரத்துபவர் ஜென்மத்தில் பார்க்க முடியாது. இரண்டு இளம் ஆண்கள் கொம்பைக் கொம்பில் மாட்டிச் சுழற்றுவது, தாய் வந்து மறைந்து கிடக்கும் குட்டியை எழுப்புவது, முதிய ஆண் மூக்கை வானத்துக்கு நீட்டிக் கொம்பை முதுகோடு சேர்த்துக்கொண்டு பெண்ணைச் சுற்றி விறைப்பாக நடப்பது.

வனத்துறை செய்யக்கூடியது ஒன்று உண்டு. இப்போது கிண்டியின் உட்பகுதிக்கு அனுமதி வாங்குவது பலருக்குக் குதிரைக் கொம்பு. கிடைக்கும் சிலரோ உள்ளே நடந்து திரிகிறார்கள். இரண்டும் சரியில்லை. போலோ மைதானத்தின் ஓரத்தில், மரநிழல் முடிகிற இடத்தில், பழுப்புக் கித்தானும் மூங்கிலும் கொண்டு தாழ்வான ஒரு மறைவிடம் கட்டினால் போதும். இருக்கைகள் ஆறு, குலுக்கல் முறையில் பெயர்கள், வாரத்தில் இரண்டு காலை மட்டும். குட்டி ஈனும் பருவம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் பூட்டு. உள்ளே போவது இருட்டில், வெளியே வருவது கூட்டம் நிழலுக்கு ஒதுங்கிய பிறகு. ஆறில் இரண்டு இடம் சென்னைப் பள்ளி மாணவர்களுக்கு. லென்ஸ் இல்லாத மாணவருக்கு ஒரு பைனாகுலரும் நோட்டுப் புத்தகமும் கொடுத்தால் போதும். முதல் மணி நேரத்தில் அவர் எழுதப்போவது அநேகமாக, ‘மேய்கிறது, மேய்கிறது, தலையைத் தூக்கியது, மறுபடி மேய்கிறது’ என்றுதான் இருக்கும்.